வீடு எதுவென்று தெரிந்த பின் பறக்கட்டும்

(வானொலியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



சென்ற கிழமை ஒரு தகப்பன் எங்கள் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்திருந்தார். "மகனின் பிறந்தநாளுக்கு ஒரு ட்றோன் வாங்கிக் கொடுத்தோம். வெளியில் கொண்டுபோய்ப் போட்டால் ஜி.பி.எஸ். பிடிக்கவே பத்து நிமிடம் எடுக்குது. என்னுடைய கைத்தொலைபேசி இரண்டு செக்கனிலே இடத்தைக் காட்டுது. பழுதான சாமானைத் தந்துவிட்டார்களோ? திருப்பிக் கொடுக்கட்டோ?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாக உங்கள் எல்லோருக்கும் இன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். இப்போது எங்கள் வீடுகளில் பலவற்றில் ஒரு ட்றோன் இருக்கிறது. பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா, பழைய மாணவர் ஒன்றுகூடல் எல்லாவற்றுக்கும் மேலிருந்து ஒரு படம் எடுக்க வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது.

அந்த நேயருக்கு நான் முதலில் சொன்னது இதுதான்: அண்ணை, பெரும்பாலும் அது பழுது இல்லை. அந்தப் பத்து நிமிடத்தைப் பொறுக்க முடியாமல் எழுப்பினால்தான் பழுது வரும். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. ஒரு ட்றோனைக் குளத்தில் தாட்டுவிட்டுத்தான் படித்தேன்.

அந்தக் கதையை முதலில் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஓகஸ்ட் மாதத்தில், என் மனைவியின் பெரியம்மாவுக்கு எண்பது வயது. ரொறன்ரோவுக்கு வடக்கே, சிம்கோ ஏரிப் பக்கம், நண்பர் ஒருவருடைய தோட்டக் காணியில் எல்லோரும் கூடினோம். அறுபது, எழுபது பேர் இருக்கும். எல்லோரையும் புல்வெளியில் நிற்பாட்டி மேலிருந்து ஒரு படம் எடுப்பது எங்கள் திட்டம். ட்றோன் மகனுடையது. அப்போது அவனுக்குப் பதினான்கு வயது. ட்றோனை எங்கள் வானுக்குப் பக்கத்தில், மேப்பிள் மரங்களுக்குக் கீழே வைத்து இயக்கினான். சனம் வெயிலில் நிற்கிறது. "கெதியாய் எடுங்கோ, சாப்பாடு ஆறுது" என்று ஒரு பக்கம் சத்தம். மகன் திரையைப் பார்த்துவிட்டு, "அப்பா, இன்னும் ரெடி இல்லை. அஞ்சு செய்மதிதான் காட்டுது" என்றான். நான் சொன்னேன்: "அது பறக்கப் பறக்கப் பிடிக்கும். நீ எழுப்பு."

அவன் எழுப்பினான். நிலத்துக்குக் கிட்ட அது ஆடாமல் நின்றது. மர உயரம் தாண்டியதும் காற்று அதைக் காணியின் மறுபக்கம், ஒரு குளத்துக்கு மேலே தள்ளிக்கொண்டு போனது. அங்கே வானம் திறந்த வெளி. உடனே செய்மதிகள் கிடைத்தன. கொன்ரோலரில் ஏதோ ஒரு குரல் ஆங்கிலத்தில் சொன்னது. அந்தச் சத்தத்தில் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. பிறகு எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. படம் எடுத்தோம், வீடியோ எடுத்தோம். பற்றரி குறைந்ததும் அது தானாகத் திரும்பத் தொடங்கியது. "பார், தானே வீட்டுக்கு வருது" என்று நான் பக்கத்தில் நின்றவர்களுக்குப் பெருமையாகச் சொன்னேன். அது எங்களிடம் வரவில்லை. குளத்துக்கு மேலே போய் நின்று, மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கியது. மகன் பதறினான். நான் அவன் கையிலிருந்து கொன்ரோலரைப் பறித்துப் பிழையான பக்கம் தள்ளினேன். ட்றோன் தண்ணீருக்குள் போய்விட்டது.

அத்தனை பேருக்கு முன்னால் நான் மகனை ஏசினேன். "கவனமாய்ப் பார்க்கத் தெரியாதவனுக்கு என்னத்துக்கு இந்தச் சாமான்" என்றேன். அவன் ஒன்றும் சொல்லாமல் போய் வானுக்குள் இருந்துகொண்டான்.

இரண்டு நாள் கழித்து, கைத்தொலைபேசியில் பதிவாகியிருந்த பறப்புக் குறிப்பைத் திறந்து பார்த்தோம். எழும்பும்போது வீட்டுப் புள்ளி எதுவும் பதிவாகவில்லை. எழும்பி ஒரு நிமிடத்துக்குள், குளத்துக்கு மேலே நின்றபோதுதான் பதிவாகியிருந்தது. தான் எங்கே நிற்கிறோம் என்று அதற்கு முதன்முதலாகத் தெரிந்த இடம் அந்தக் குளம். அதையே வீடு என்று குறித்துக்கொண்டது. நாங்கள் சொன்னபடியே அது வீட்டுக்குத் திரும்பியது. பிழை ட்றோனிலும் இல்லை, பொடியனிலும் இல்லை. பொறுக்காமல் எழுப்பச் சொன்னவன் நான். ஏச்சு வாங்கியவன் அவன். அன்று இரவு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

சரி, இந்த ஜி.பி.எஸ். பிடிப்பதற்கு ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது? விளங்கிக்கொண்டால் பொறுமை தானாக வரும்.

ஜி.பி.எஸ். செய்மதிகள் அமெரிக்காவுடையவை. பூமியிலிருந்து ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் நாளுக்கு இரண்டு முறை பூமியைச் சுற்றி வருகிறது. முதல் செய்மதி 1978இல் ஏவப்பட்டது. 1995இல் முழு அமைப்பும் இயங்கத் தொடங்கியது. பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையில் அமெரிக்க இராணுவம் வேண்டுமென்றே ஒரு பிழையைச் சேர்த்து வைத்திருந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் அதை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் சாதாரணக் காரிலும் கைத்தொலைபேசியிலும் அது நம்பிக்கையாகப் பயன்படத் தொடங்கியது. இப்போது ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ என்று வேறு அமைப்புகளும் இருக்கின்றன. இன்றைய ட்றோன்கள் பெரும்பாலும் இவற்றில் இரண்டு மூன்றைச் சேர்த்தே கேட்கின்றன.

இந்தச் செய்மதி என்ன செய்கிறது? "நான் இன்ன செய்மதி, இப்போது இன்ன நேரம், நான் இன்ன பாதையில் போகிறேன்" என்று இடைவிடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் செய்தி எங்களை வந்தடைய ஒரு செக்கனில் ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்கு நேரம் எடுக்கும். அந்த நேரத்தை அளந்துதான் ட்றோன் தூரத்தைக் கணக்கிடுகிறது. நேரத்தில் ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலே தூரத்தில் 300 மீற்றர் பிழைத்துவிடும். செய்மதியில் இருப்பது அணுக் கடிகாரம். ட்றோனில் இருப்பது மலிவான கடிகாரம். ஆகவே இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று செய்மதி, கடிகாரப் பிழையைத் திருத்த இன்னொன்று என்று குறைந்தது நான்கு செய்மதிகள் வேண்டும். நான்கு கிடைத்தால் ஓர் இடம் கிடைக்கும். ஆனால் அது நம்பக்கூடிய இடமாக இருக்காது. காற்றில் ஆடாமல் நிற்கவும் வீட்டுப் புள்ளியைக் குறிக்கவும் ட்றோனுக்கு அதைவிடக் கூடுதலான செய்மதிகள், நல்ல வலுவோடு வேண்டும். எங்கள் ட்றோன் ஐந்து செய்மதியோடு "ரெடி இல்லை" என்று சொன்னதன் காரணம் இதுதான்.

இனித்தான் முக்கியமான விஷயம். இந்தச் செய்மதிகள் செய்தியை மிகவும் ஆறுதலாகத்தான் சொல்லும். ஒரு செக்கனுக்கு 50 பிற்றுகள். பழைய காலத்துத் தந்தி போல. தன்னுடைய பயணப் பாதையைத் துல்லியமாகச் சொல்லும் குறிப்பை ஒவ்வொரு செய்மதியும் 30 செக்கனுக்கு ஒரு தரம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அதை ட்றோன் இடையில் அறுபடாமல் கேட்க வேண்டும். நடுவில் ஒரு மரக்கிளை மறைத்தாலோ நீங்கள் தூக்கித் திருப்பினாலோ விட்டுப்போன பகுதிக்காக அடுத்த சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் குறிப்பு ஏறக்குறைய நான்கு மணித்தியாலத்துக்குச் செல்லுபடியாகும். இதைவிட, எல்லாச் செய்மதிகளும் சுமாராக எங்கெங்கே இருக்கும் என்று சொல்லும் ஒரு பட்டியலும் வருகிறது. எங்கள் பஞ்சாங்கம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை முழுதாக வாங்கி முடிக்க பன்னிரண்டரை நிமிடம் எடுக்கும்.

இப்போது மூன்று நிலைமைகளை நினைத்துப் பாருங்கள். ஒன்று, அரை மணித்தியாலத்துக்கு முன் பறந்து இறங்கிய ட்றோன். கையில் பஞ்சாங்கமும் இருக்கிறது, புதிய பயணக் குறிப்பும் இருக்கிறது. சில செக்கனிலே பிடித்துவிடும். இரண்டு, நேற்றோ முந்தநாளோ பறந்தது. பஞ்சாங்கம் இருக்கிறது, பயணக் குறிப்பு பழசாகிவிட்டது. வானம் திறந்திருந்தால் அரை நிமிடம், ஒரு நிமிடம் எடுக்கும். மூன்று, பெட்டியிலிருந்து இப்போதுதான் எடுத்தது, அல்லது பனிக்காலம் முழுக்க பேஸ்மென்ரில் கிடந்தது, அல்லது விமானத்தில் ஏறி வேறு நாட்டுக்கு வந்தது. அதற்கு ஒன்றும் தெரியாது. எந்தச் செய்மதி தலைக்கு மேலே நிற்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். பல நிமிடங்கள் எடுக்கும். தொலைபேசி எடுத்த நேயருடைய ட்றோன் இந்த மூன்றாவது வகை. எல்லா ட்றோனும் பற்றரியைக் கழற்றிய பிறகு இந்தக் குறிப்புகளை ஒரே அளவு காலம் ஞாபகத்தில் வைத்திருப்பதுமில்லை. மலிவான சில ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தான் தொடங்கும்.

அப்படியென்றால் கைத்தொலைபேசி எப்படி இரண்டு செக்கனில் காட்டுகிறது? அது ஒரு குறுக்கு வழியில் போகிறது. செய்மதிகளின் பயணக் குறிப்பை வானத்திலிருந்து மெல்ல மெல்லக் கேட்காமல், இணையத்தின் மூலம் ஒரே இழுப்பில் வாங்கிவிடுகிறது. பக்கத்திலுள்ள தொலைபேசிக் கோபுரங்களையும் வைஃபையையும் வைத்து "நான் சுமாராக இந்த இடத்தில்" என்று முன்கூட்டியே அறிந்தும் கொள்கிறது. வீட்டுக்குள்ளே அது இடத்தைக் காட்டுவதும் பெரும்பாலும் இந்த வைஃபையின் உதவியால்தான். சாதாரண ட்றோனுக்கு அந்த வசதி பெரும்பாலும் இல்லை. ஆகவே இரண்டையும் ஒப்பிட்டு ட்றோனில் குறை சொல்வது நியாயமில்லை.

இனி, நடைமுறையில் என்ன செய்யலாம் என்று பார்ப்போம். பேனை, கடதாசி இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, இடம். செய்மதிச் சமிக்ஞை எங்களிடம் வரும்போது மிக மிக மெலிந்துபோய்த்தான் வருகிறது. வீட்டு மின்குமிழ் அளவு வலுவோடு 20,000 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து அனுப்புகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். கூரை, கொங்கிறீற், ஈர இலைகள் நிறைந்த மரம், எல்லாம் அதை மறைக்கும். அடுக்குமாடியின் பல்கனியில் வைத்துப் பார்த்தால் பாதி வானம் இல்லை. உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவில் சமிக்ஞை சுவரில் பட்டுத் தெறித்து வந்து, ட்றோனுக்குப் பிழையான தூரத்தைக் காட்டும். ஆகவே திறந்த வெளிக்குப் போங்கள். இன்னொரு விஷயம்: ஜி.பி.எஸ். செய்மதிகள் வட துருவத்துக்கு மேலாகப் போவதில்லை. கனடாவில் எங்களுக்கு வடக்கு வானத்தில் ஒரு வெற்றிடம் உண்டு. கட்டடத்தின் வடக்குப் பக்கம் நின்றால் தெற்கு வானம் மறைந்துவிடும். அதுதான் கூடுதல் நட்டம். தெற்குப் பக்கம் திறந்திருக்கும் இடமாகப் பாருங்கள்.

இரண்டாவது, வைக்கும் விதம். ட்றோனைச் சமதரையில், மேல்பக்கம் வானத்தைப் பார்க்க வையுங்கள். ஜி.பி.எஸ். அன்ரெனா பெரும்பாலும் மேல்பக்கத்தில்தான் இருக்கும். அதற்கு மேலே உலோகப் பூச்சுள்ள ஸ்ரிக்கர் ஒட்ட வேண்டாம். வேறொரு கமராவோ வீடியோ அனுப்பும் கருவியோ கட்ட வேண்டாம். அவற்றின் மின்னிரைச்சல் அந்த மெலிந்த சமிக்ஞையை மூடிவிடும். காரின் மேல், இரும்பு மேசையின் மேல், வீதியிலுள்ள இரும்பு மூடியின் மேல் வைக்காதீர்கள். இரும்பு, ஜி.பி.எஸ்ஸைவிட ட்றோனின் திசைகாட்டியைத்தான் கெடுக்கும். இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஜி.பி.எஸ். பிடிக்கவில்லை என்றவுடன் ட்றோனைக் கையில் தூக்கி இப்படியும் அப்படியும் சுழற்றித் திசைகாட்டியைச் சரிசெய்யத் தொடங்குவார்கள். அதனால் செய்மதி ஒன்றும் கூடாது. ட்றோன் திரையில் கேட்டால் மட்டும் அதைச் செய்யுங்கள்.

மூன்றாவது, அசைக்காமல் விடுங்கள். நிறுத்தி நிறுத்தி இயக்க வேண்டாம். இதுதான் எல்லோரும் விடும் பிழை. இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு "பிடிக்குதில்லை" என்று நிறுத்திவிட்டுத் திரும்ப இயக்குவார்கள். பாதி கேட்ட குறிப்பெல்லாம் போய்விடும். அடுப்பில் வைத்த சோற்றை இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் இறக்கி இறக்கி வைத்தால் எப்போது வேகும்?

நான்காவது, முதல் தடவை என்றால், அல்லது கன காலம் பாவிக்காதது என்றால், பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். அதற்குப் பழைய பற்றரி ஒன்றைப் பாவியுங்கள். செய்மதிகள் வந்த பிறகு நிறுத்தி, முழுதாகச் சார்ஜ் செய்த பற்றரியைப் போட்டு இயக்கினால், பல ட்றோன்கள் உடனேயே பிடித்துவிடும். கோடையில் இன்னொரு கவனம் வேண்டும்: பறக்காமல் நிற்கும் ட்றோனுக்குக் காற்றோட்டம் இல்லாததால் சூடேறும். அதற்கு மேலே ஒரு குடையையும் பிடிக்க வேண்டாம், கொதிக்கும் தாரிலும் வைக்க வேண்டாம். புல்லின் மேல் ஒரு தடித்த மட்டையைப் போட்டு அதன் மேல் வையுங்கள். பனிக்காலத்தில் பற்றரியை உடுப்பின் உட்பையில் சூடாக வைத்திருந்து, கடைசி நேரத்தில் போடுங்கள்.

ஐந்தாவது, வீட்டுப் புள்ளி. செய்மதி எண்ணிக்கையை மட்டும் பார்த்து எழுப்ப வேண்டாம். உங்கள் ட்றோனுக்கு எத்தனை வேண்டும் என்று கையேட்டில் இருக்கும். அதைவிட முக்கியம், "வீட்டுப் புள்ளி பதிவாகிவிட்டது" என்று திரையிலோ குரலிலோ வரும் அறிவித்தல். ஆங்கிலம் குறைவான பெரியவர்கள் பிள்ளைகளிடம் கேட்டு அந்த வசனம் எது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வந்த பிறகு வரைபடத்தைத் திறந்து, அந்தப் புள்ளி நீங்கள் நிற்கும் இடத்தில்தான் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பக்கத்துக் குளத்தில் இருந்தால் எழுப்பாதீர்கள். திரும்பி வரும் உயரத்தை அங்குள்ள மரங்களைவிட உயரமாக வையுங்கள். எழுப்பியதும் இரண்டு மூன்று மீற்றர் உயரத்தில் அரை நிமிடம் நிற்பாட்டிப் பாருங்கள். ஒரு பக்கமாக நழுவினால் இறக்கிவிடுங்கள்.

ஜி.பி.எஸ். இல்லாமலும் அது பறக்கும்தானே என்று கேட்பீர்கள். பறக்கும். நிலத்துக்குக் கிட்ட இருக்கும்போது அடிப்பக்கக் கமரா நிலத்தைப் பார்த்து ட்றோனை நிற்க வைக்கும். உயரம் கூடினால், அல்லது கீழே வெண்பனி, தண்ணீர், இருட்டு என்றால் அந்தக் கமராவுக்கும் ஒன்றும் தெரியாது. பிறகு காற்று கொண்டுபோகும் பக்கம்தான். அனுபவமுள்ளவர்கள் கையால் சமாளிப்பார்கள். கீழே எங்கள் பிள்ளைகள் ஓடி விளையாடும் இடத்தில் அந்தப் பரீட்சை வேண்டாம்.

சில நாள்களில் எல்லாம் சரியாக இருந்தும் பிடிக்காது. சூரியனில் புயல் எழுந்தால் பூமியைச் சுற்றியுள்ள மேல் வளிமண்டலம் குழம்பி, செய்மதிச் சமிக்ஞையும் குழம்பும். 2024 மே 10, 11ஆம் திகதிகளில் அப்படி ஒரு பெரும் புயல் வந்தது. ரொறன்ரோவிலும் இரவு வானத்தில் நிறம் நிறமாக ஒளி தெரிந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்த நாள்களில் வட அமெரிக்கக் கமக்காரர் பலருடைய ஜி.பி.எஸ். பூட்டிய உழவு இயந்திரங்கள் வரிசை பிடிக்க முடியாமல் நின்றன. விதைப்புக் காலத்தில் அவர்களே காத்திருந்தார்கள் என்றால், நாங்கள் ஒரு படத்துக்காகக் காத்திருக்கலாம்.

உண்மையான பழுதை எப்படி அறிவது? திறந்த வெளியில், இரண்டு வேறு நாள்களில், பதினைந்து நிமிடத்துக்கு மேல் அசையாமல் வைத்தும் நாலைந்து செய்மதிக்கு மேல் ஏறவில்லை என்றால், அன்ரெனாவோ அதன் இணைப்போ பழுதாக இருக்கலாம். முன்பு விழுந்து அடிபட்ட ட்றோன், யாரோ கழற்றிப் பூட்டிய ட்றோன் என்றால் சந்தேகம் கூடும். உத்தரவாதக் காலத்துக்குள் என்றால் நீங்களே கழற்றாமல் வாங்கிய இடத்தில் கொடுங்கள். திரையில் வரும் புதுப்பித்தல்களை முதல் நாளே வீட்டில் வைத்துச் செய்து முடியுங்கள்.

ஊருக்குப் போகும்போது ட்றோனைக் கொண்டு போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரொறன்ரோவில் கடைசியாக இயங்கிய ட்றோன், யாழ்ப்பாணத்தில் இயக்கும்போது தான் இன்னும் ரொறன்ரோவில் நிற்பதாக நினைத்துக்கொண்டு, அங்கேயுள்ள செய்மதிகளைத் தேடும். முதல் நாள் தாமதம் வரத்தான் செய்யும். அதைவிடப் பெரிய விஷயம், இலங்கையில் ட்றோன் பறக்கவிடச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் சூட்கேசில் வைத்துக்கொண்டு போய்ச் சிக்கலில் மாட்ட வேண்டாம். உங்களுக்கு மட்டுமல்ல, அங்கே நீங்கள் தங்கும் வீட்டாருக்கும் அது கரைச்சல்.

கனடாவின் விதிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 250 கிராமோ அதற்கு மேலோ நிறையுள்ள ட்றோனைக் கனடாப் போக்குவரத்து அமைச்சில் பதிய வேண்டும், பறக்கவிடுகிறவருக்குப் பைலட் சான்றிதழ் வேண்டும். அடிப்படைச் சான்றிதழுக்குக் குறைந்த வயது 14. சாதாரணமாக 122 மீற்றருக்கு மேல் போகக்கூடாது, கண்பார்வைக்குள் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்த நிறை என்றாலும் ஆபத்தாகப் பறக்கவிட்டால் குற்றம்தான். கோயில் தேர், விளையாட்டுப் போட்டி போன்ற விளம்பரப்படுத்தப்பட்ட பொது நிகழ்வுகளில் சிறப்பு அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. ரொறன்ரோ மாநகரப் பூங்காக்களிலும் அனுமதி வேண்டும். விதிகள் மாறுவதுண்டு, அமைச்சின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு நாடுகளிலிருந்து கேட்பவர்கள் உங்கள் நாட்டு விதியைப் பாருங்கள்.

கடைசியாக, குளத்தில் ட்றோன் தாழ்ந்த அந்த நாளில் நடந்த இன்னொரு விஷயம். இதைச் சொல்லத்தான் உண்மையில் வந்தேன்.

அந்தப் படத்தைப் பிறகு பார்த்தபோது, அதில் பெரியம்மா இல்லை. ட்றோன் தாழ்வதற்கு முன் கைத்தொலைபேசியில் வந்து சேர்ந்த சிறிய படம் அது. எழுபது பேர் மேலே பார்த்துக் கை காட்டுகிறார்கள். யாருக்காகக் கூடினோமோ அவருடைய கதிரை வெறுமையாக இருக்கிறது. ட்றோன் எழும்பிய சத்தம் கேட்டதும் அவர் எழுந்து வீட்டுக்குள்ளே போய்விட்டார். நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அவர் 2009 வரை வன்னியில் இருந்தவர். அங்கே வேவு விமானத்தை எங்கள் சனங்கள் "வண்டு" என்று சொல்வார்கள். வண்டு தலைக்கு மேலே சுற்றினால் பின்னால் கிபிர் வரும், அல்லது ஷெல் வரும். அந்த இரைச்சலைக் கேட்டுப் பிள்ளைகளைப் பங்கருக்குள் இறக்கிய ஒருவருக்கு, அவருடைய பிறந்தநாளன்று, ஒரு வார்த்தை சொல்லாமல் தலைக்கு மேலே அந்தச் சத்தத்தை எழுப்பினோம். நாங்கள் அவசரப்பட்டதில் தவறவிட்டது வீட்டுப் புள்ளியை மட்டுமல்ல.

அடுத்த வருடம் அதே காணியில் திரும்பக் கூடினோம். மகன் பழைய ட்றோன் ஒன்று வாங்கியிருந்தான். மரங்களை விட்டு வெளியில், திறந்த புல்வெளியில் அதை வைத்து இயக்கினான். செய்மதிகள் ஏறும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னை அங்கே இருத்திவிட்டு, அவன் பெரியம்மாவிடம் போனான். ட்றோனின் படத்தைக் கைத்தொலைபேசியில் காட்டி, அது என்ன, எவ்வளவு நேரம் பறக்கும், எந்தப் பக்கம் போகும் என்று தன் அரைகுறைத் தமிழில் சொன்னான். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்கு அந்தச் சத்தம் வேண்டாம் ராசா. நான் உள்ளுக்கு இருக்கிறன். நீங்கள் முடிச்சுப்போட்டுக் கூப்பிடுங்கோ" என்றார். அவன் அவரைக் கையில் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய், ரி.வி.யைப் போட்டுவிட்டு வந்தான். அவன் திரும்பி வர, வீட்டுப் புள்ளி பதிவாகியிருந்தது. ஐந்தே நிமிடத்தில் படம் எடுத்து இறக்கிவிட்டோம். பிறகு பெரியம்மாவைக் கூப்பிட்டு, நடுவில் இருத்தி, நிலத்தில் நின்றே இன்னொரு படம் எடுத்தோம். எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பது அந்த இரண்டாவது படம்தான்.

ஆகவே, தொலைபேசி எடுத்த அந்த நேயருக்கும் மற்றவர்களுக்கும் நான் சொல்வது: அந்தப் பத்து நிமிடம் வீண் நேரமில்லை. ட்றோனை அசைக்காமல் வைத்துவிட்டு எழும்புங்கள். கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரியவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். வேறு போர்களிலிருந்து வந்த அயலவர்களும் எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களின் கதவையும் ஒருக்கால் தட்டுங்கள். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், அன்று அந்தப் பக்கம் பறக்க வேண்டாம். பிள்ளைகள் "இன்னும் ரெடி இல்லை" என்று சொன்னால், அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

அடுத்த மாதம் இன்னொரு விஷயத்தோடு சந்திப்போம்.